இரண்டு பேர் சிரித்த இடம்

பேக்கரிக்குக் கிளம்புகிறேன். நீ தூங்குவதால் எழுதி வைக்கிறேன். முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரி மேல்.

மத்தியானம் உன் ஸ்டுடியோ நண்பர் மறுபடி வருவார். ஹெட்ஃபோன் உசத்தியா, ஸ்பீக்கர் உசத்தியா என்று தீர்மானிக்க இன்னும் எத்தனை நாளோ. நேற்று ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பாட்டு நடுவே இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தீர்கள். கட்டின புருஷன் நான் எதிரே மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என்னவென்று கேட்டதற்கு, "அது உன் காதுக்குக் கேக்காது, விடு" என்றாய். அவர் முன்னால் சொன்னதுதான் சுருக்கென்றது. ராத்திரி பேசாமல் படுத்தது தலைவலியால் இல்லை.

இன்று எழுந்ததும் நானே மாட்டிப் பார்த்தேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்காரரின் நாற்காலி கிறீச்சிடுகிறது. "ஐயோ" என்று முணுமுணுக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்கத்தான் ஆளில்லை.

பிறகு அதையே ஸ்பீக்கரில் மெதுவாக வைத்தேன். நாற்காலிச் சத்தம் காணோம். ஆனால் பாட்டு வீடு முழுக்க இருந்தது. தூக்கத்திலேயே உன் கால் தாளம் போட்டது. ஸ்பீக்கர்தான் உசத்தி. அவரிடமும் சொல்லிவிடு.

பி.கு.: ஒரு ஹெட்ஃபோனை எடுத்துப் போகிறேன். தேட வேண்டாம்.

இன்னொன்று: இரண்டாவதையும் எடுத்துக்கொண்டேன்.