கையிலிருந்த சீட்

மார்ச் 4
ஆர்கானிக் கெமிஸ்ட்ரி இடைத்தேர்வில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு! கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பள்ளி முடிக்கும்போதே மெடிக்கல் சீட் உறுதி என்று கொடுத்துவிட்டார்கள். இங்கே நாலு வருஷம் பட்டப்படிப்பு, அப்புறம் நேரே மருத்துவக் கல்லூரி. நுழைவுத் தேர்வே கிடையாது. ஆனால் அறிவியல் பாடம் எதிலும் ‘பி’ கிரேடுக்குக் கீழே போகக் கூடாது. போனால் சீட் போச்சு.

மார்ச் 5
சோறு தண்ணி இறங்கவில்லை. அறைத்தோழி ஒடெட் தத்துவம் படிக்கிறவள். சீட்டும் இல்லை, கவலையும் இல்லை. “ஏய் டெஸ்ஸா, ஒரு பரீட்சைக்கா பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? ப்ரொபசரப் போய்ப் பாரேன்டீ” என்றாள்.

பார்த்தால்? அவர் இந்த சீட் திட்டத்தின் இயக்குநரிடம் சொல்லிவிட்டால்? வேண்டவே வேண்டாம்.

மார்ச் 7
வழி இருக்கிறது! மார்க் வேண்டாம், தேறினால் ‘பாஸ்’ என்று மட்டும் போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். ஒடெட் கணக்குப் பாடத்துக்கு அப்படித்தான் செய்தாளாம். மாற்ற இன்றே கடைசி நாள். ‘பாஸ்’ ஒன்றும் ‘பி’க்குக் கீழே இல்லையே?

இயக்குநர் டாக்டர் ஹார்க்னஸிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தேன். ஏன் கேட்கிறாய் என்பார். ஐம்பத்தெட்டைச் சொல்ல வேண்டிவரும். அவர் முகம் எப்படி மாறும்? — கேட்கவில்லை. மாற்றிவிட்டேன். அப்பாடா.

ஏப்ரல் 19
அதிசயமாகப் பாடம் புரிகிறது. மார்க் பயம் இல்லாததாலோ என்னவோ, பிடித்துப்போய்ப் படிக்கிறேன்.

ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போகவில்லை. டொலீடோவிலிருந்து அம்மா போனில் பொரிந்து தள்ளினாள். “பியரோகிக் கொழுக்கட்டை செஞ்சு வச்சிட்டு யாருக்குடி ஊட்டுறது? பஸ்ல வர்ற பிள்ளைங்ககிட்டகூட என் பொண்ணு டாக்டர்னு ஜம்பம் அடிச்சு வச்சிருக்கேன்.” அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். சிரித்தேன். பாஸுக்கு மாற்றியதை மட்டும் சொல்லவில்லை.

மே 12
பாஸ். பாஸ்!

மே 20
இயக்குநர் அலுவலகத்திலிருந்து போன். வியாழக்கிழமை வந்து பார்க்க வேண்டுமாம். எதற்கு என்று சொல்லவில்லை. பாஸ்தானே வாங்கினேன்? ஒன்றும் இருக்காது. ஒன்றும் இருக்காது.

மே 22
எல்லாம் முடிந்தது.

டாக்டர் ஹார்க்னஸ் கதவைச் சாத்தினார். அப்போதே தெரிந்துவிட்டது. “டெஸ்ஸா, அறிவியல் பாடத்துக்கு மார்க் இருக்கணும்மா. வெறும் பாஸ்னு இருந்தா அந்தப் பாடத்த நீ படிச்சதாவே நாங்க எடுத்துக்க மாட்டோம். மாத்துறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

பயமா இருந்துச்சு என்றேன். எத்தனை அசட்டுப் பதில்.

“ப்ரொபசர்கிட்ட கேட்டேன். உன் உண்மையான மார்க் பி பிளஸ். கடைசிப் பரீட்சையில தூக்கிட்ட. எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன், சீட்ட முடிவு பண்ற குழு ஒத்துக்கல.”

பி பிளஸ். ஐயோ, சும்மா இருந்திருந்தாலே போதுமே! யாரும் பறிக்காத சீட்டை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு எந்த வாயால் சொல்வேன்?

ஜூன் 1
சொல்லிவிட்டேன். ஊருக்குப் போய், திடலில் நின்ற பள்ளிப் பேருந்துக்குள், அம்மா இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. கத்துவாள் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். துணியைப் பிழிந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஊரெல்லாம் சொல்லித் தொலைச்சேனே, அதான் எங்கிட்டகூட சொல்லாம மென்னு முழுங்குனியா?”

தலையாட்டினேன்.

“சரி, விடு. உனக்கு இன்னமும் டாக்டராகணும்னு ஆசை இருக்கா?”

சீட் கிடைத்த நாளிலிருந்து யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. இருக்கு என்றேன். என்னையும் மீறி அழுகை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 30
எல்லாரையும் போல நுழைவுத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தேன். ஒரே ஒரு இடத்துக்கு ஆயிரம் பேர் முட்டுவார்கள். நினைத்தாலே குலை நடுங்குகிறது.

அம்மா போன் பண்ணினாள். “இதுக்கு என்னென்ன விதி இருக்குன்னு கேட்டியாடி?”

கேட்டேன். டாக்டர் ஹார்க்னஸிடமே போய்க் கேட்டேன். ஐம்பத்தெட்டு வாங்கியதையும் சொன்னேன்.