தெளிந்த தண்ணீருக்கு ஒரு நரம்பு

மார்ச் 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன். அத்தானுக்குக்கூட வேண்டாம், சிரித்துக்கொண்டே யாரிடமாவது உளறிவிடுவார். போர்வைக்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமும்போதெல்லாம் உயிர் போய் வருகிறது.

நேற்றுச் சாப்பிடும்போது அம்மா மெல்ல, "பெரியவளை ஒரு தடவை வரச் சொல்லலாமே" என்றாள். அப்பா தட்டைத் தள்ளினார். "அந்தத் தூண்டில் கடைக்காரனைக் கட்டிக்கிட்டுப் போனவ பேச்சே இங்க வேண்டாம்." நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்ப எப்பத்தாம்ப்பா பேசலாம்?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ மேனேஜரைப் பிடிச்சுக் கொண்டா. அப்புறம் பேசலாம்."

ஆற்றுப் பாலத்தடியில் இருக்கும் பெரிய டிரவுட் மீனை ஞாபகம் இருக்கிறதா? எல்லாரையும் பார்ப்பார், யாரிடமும் வரமாட்டார் என்று அப்பாதானே அதற்கு மேனேஜர் எனப் பெயர் வைத்தார்! நக்கலாகத்தான் சொன்னார், அக்கா. ஆனால் சொல்லிவிட்டாரே!

இன்று பள்ளி விட்டதும் அப்பாவின் பழைய தூண்டிலை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். மேனேஜர் வந்தார்! புழுவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார். துணிக்கடையில் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவரைப் போலத் திரும்பிப் போய்விட்டார். மூன்று தடவையும் அப்படியே.

தூண்டிலில் எந்த நரம்பு கட்ட வேண்டும்? சீக்கிரம் எழுது. என் சிநேகிதி வீட்டு முகவரிக்கு அனுப்பு.

உன் வாலு

மார்ச் 9

என் வாலுக்கு,

கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்தே படித்தேன். சிரிப்பதா அழுவதா தெரியாமல் ஒருவருக்குச் சில்லறையை இரண்டு தடவை கொடுத்துவிட்டேன்.

நீ கட்டியது அப்பாவின் தடித்த மஞ்சள் நரம்புதானே? அவர் கண்ணாடி போடமாட்டார். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நிறத்தை வாங்குவார். அவருக்கே பளிச்சென்று தெரிகிறதென்றால் மேனேஜருக்குத் தெரியாதா? நான் ஒருமுறை சொன்னதற்கு, "எனக்கே பாடம் எடுக்கறியா" என்றார்.

இத்துடன் ஒரு சிறிய சுருள் வைத்திருக்கிறேன். ஃபுளூரோகார்பன் நரம்பு. நிறமே கிடையாது; தண்ணீரில் போட்டால் தண்ணீரோடு தண்ணீராகிவிடும். மிதக்காமல் அமிழும். முழுவதும் மாற்ற வேண்டாம், மஞ்சள் நரம்பின் முனையில் உன் உயரத்துக்கு இரண்டு மடங்கு கட்டு. இரண்டு பவுண்டு தாங்குகிற நரம்பு என்றால் மேனேஜர் ஒரு உதறு உதறினால் அறுந்துவிடும். ஆறு என்றால் தடிமனைப் பார்த்துவிடுவார். நான்கு அனுப்புகிறேன். அத்தான் ஆறுதான் என்று அடித்துச் சொன்னார். பயப்படாதே, யாரோ வாடிக்கையாளருக்கு என்றுதான் கேட்டேன்.

முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனை. காய்ந்தபடி இறுக்கினால் சூடேறி அந்த இடத்திலேயே அறும். உன் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. தண்ணீருக்குள் இறங்காதே. நான் வீட்டுக்கு வருவதற்காக நீ ஆற்றில் விழுந்தால், வந்து உன் காதைத் திருகுவேன்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதை ஏன் எழுதவில்லை?

உன் அக்கா

மார்ச் 16, இரவு

அக்கா, அக்கா, அக்கா!

பிடித்துவிட்டேன்! எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நீ சொன்னபடியே கட்டினேன். பாறைக்குப் பின்னால் மண்டியிட்டு வீசினேன். மேனேஜர் வந்தார், நின்றார், வாயைத் திறந்தார்! தூண்டில் வில்லாக வளைந்தது. நான் பலம் கொண்டமட்டும் இழுத்தேன். அப்போது பாலத்தின் மேலிருந்து ஒரு கத்தல்.

"இழுக்காதடி! ஓட விடு, ஓட விடு!"

அப்பா! வேலை முடிந்து வந்தவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, ஷூவோடு தண்ணீரில் குதித்தார். "இப்ப சுத்து! நிறுத்து! அறுத்துடாத, என் கண்ணு இல்ல!" கடைசியில் சாப்பாட்டுப் பையால் அள்ளிக் கரையில் போட்டார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தோம். பிறகுதான் அவர் தேட ஆரம்பித்தார்.

"நரம்பு எங்கடி?"

காற்றில் துழாவினார். விரலில் பட்டதும் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது நம்ம ஊர்ல கிடைக்காதே. யார் குடுத்தா?"

நான் குனிந்து மீனைப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தேன். வீடு வரும்வரை அவர் அந்த நரம்பை விரலில் சுற்றிக்கொண்டே வந்தார். வந்தும் சாப்பிடவில்லை. மீனைக்கூட அம்மாவிடம் காட்டாமல் ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, அந்த நரம்பை மேசையில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். தெரிந்துவிட்டது, அக்கா. உன் கடிதத்தைத் தேடுவாரோ? என்னைப் பள்ளிக்குக்கூட அனுப்பமாட்டாரோ? நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டுகிறார், அக்கா, நான்...

பெரியவளுக்கு,

மீதியை நான் எழுதுகிறேன். சின்னவள் அம்மா மடியில் படுத்து அழுகிறாள். நான் திட்டவில்லை, அவளாக அழுகிறாள்.

நீ அனுப்பிய நரம்பு நான்கு பவுண்டாம்; அது போதாது. பாறையில் உரசி முக்கால்வாசி தேய்ந்திருந்தது, இன்னும் ஒரு இழுப்புக்குத் தாங்கியிருக்காது. ஐந்து போட்டிருக்க வேண்டும். இதையெல்லாம் கடிதத்தில் பேச முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்து சேருங்கள். மீனை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்குக் காரம் ஒத்துக்கொள்ளுமா? அம்மா கேட்கச் சொல்கிறாள்.

அப்பா