கல் அறுக்கிறார்

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மாவின் இருமல்? நான் நலம்.

இங்கே ஒரு வேடிக்கை. புது மேனேஜர் வசந்த் சென்னையிலேயே வளர்ந்தவர். சாப்பிடும்போது, "உங்கப்பா என்ன பண்றார்?" என்றார்.

"கல் அறுக்கிறார்."

"அட, கிரானைட் குவாரியா! சொல்லவே இல்லையே!" என்று கைகொடுத்தார்.

நம் பக்கம் கல் அறுப்பது என்றால் செங்கல்தான். அது அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் அதைத் திருத்தாமல் கையை நீட்டினேன்.

பத்தாவது படிக்கையில் முழங்கால் சேற்றோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். "டேய், உங்கப்பா சேத்துலயே பேண்ட் தச்சுப் போட்டுனு வந்துக்கிறாரு" என்று பையன்கள் சிரித்தார்கள். அதற்காக உங்களை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அந்தக் கோபம்தான் வசந்தைத் திருத்த விடவில்லை.

அடுத்த மாதம் அவர் காட்பாடி மாமனார் வீட்டுக்கு வருகிறார். புது வீட்டுத் தரைக்கு உங்கள் குவாரியில் கல் பார்க்க நம் மாதனூருக்கும் வருவாராம். குவாரியை மூடிவிட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் வரவில்லை. அவரைச் சூளைக்கே அழைத்துப் போங்கள்.

அவரிடம் அம்மா அரைத்த மிளகாய்த்தூள் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் ஒரு செங்கல்லும்.

நீங்கள் அறுக்கும் ஒவ்வொரு கல்லிலும், அச்சில் பதிந்த என் பெயரின் 'ப' இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதக் கூசுகிறது. எழுத்தைப் பார்த்தாலே யாரென்று அறிவீர்கள். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.