அத்தாவோட சிவப்புக் கார் ஏன் நின்னுச்சு

நாகல் நகர்,
திண்டுக்கல்.

அன்பு மகள் ஷமாவுக்கு அம்மா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில நானும் அத்தாவும் உன் தம்பி வாஜிதும் நல்லா இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளை நாசரும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு அஞ்சு வேளையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கனடாவுல பனி முழங்கால் வரைக்கும் கிடக்குன்னு டிவியில பார்த்தேன், ஸ்டைலுக்குன்னு மெல்லிசா போட்டுக்கிட்டு வெளிய போகாத. நம்ம வீட்டுல ஒரு சந்தோசம் நடந்திருக்கு. போன்ல ஆரம்பிச்சா பாதியில மீட்டிங்னு வச்சுடுற, அதான் உட்கார்ந்து எழுதுறேன்.

அத்தா தோல் மண்டியை வாஜித் கையில ஒப்படைச்சுட்டு, கொடைக்கானல்ல ஒரு பங்களா ஷெட்டுல பல வருசமா கிடந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிட்டு வந்தது உனக்குத் தெரியும். என்னைவிட நாலு வயசு கூடுன கார். அந்தத் தகரத்துல நான் ஏற மாட்டேன்னு சொன்னேன், ஏழு மாசமா ஏறவும் இல்ல. அதுவும் என் வாக்கு பலிச்ச மாதிரி பத்து கிலோமீட்டர் தாண்டுனா நின்னுடும். மெக்கானிக் ஜெரோம் பிளக்கை மாத்தினாரு, பெட்ரோல் பம்பை மாத்தினாரு, கார்பரேட்டரை மூணு தடவை கழுவினாரு. ஒவ்வொரு தடவையும் இப்ப சரியாயிருச்சுங்க பாய்ன்னு சொல்லுவாரு, மறுபடியும் நிக்கும். ஒரு நாள் ரயில்வே கேட்டுக்கு நடுவுலயே நின்னு, ஆளுங்க சேர்ந்து தள்ளி விட்டிருக்காங்க. அன்னைக்கு அத்தா வீட்டுக்கு வந்து காரைக் கவர் போட்டு மூடினதுதான், பதினஞ்சு நாளு அந்தப் பக்கமே போகல. சோத்தைப் பிசைஞ்சு வச்சுட்டு எழுந்திரிச்சுப் போயிடுவாங்க. கடையும் இல்லாம காரும் இல்லாம என்ன செய்யிறதுன்னு தெரியாம காலையில வந்த பேப்பரையே மத்தியானம் வரை வச்சுக்கிட்டு இருந்தாங்க. கோயம்புத்தூர்ல ஒருத்தருக்குக் காரை விலை பேசி, ஞாயித்துக்கிழமை வந்து கொண்டுபோகச் சொல்லிட்டேன்னு என்கிட்ட சொன்னப்ப, நான் கேட்டது கிடைச்ச மாதிரியே இல்லடி.

அந்த வாரம் வியாழக்கிழமை, உன் காலேஜ் சிநேகிதி கீர்த்தனாவுக்கு சாணார்பட்டியில வளைகாப்பு. அவ அப்பா பொன்னுத்துரை அண்ணன் நேர்ல வந்து கூப்பிட்டுட்டுப் போயிருந்தாரு. வாஜித் பெரிய காரை மதுரைக்குக் கொண்டுபோயிட்டான். அத்தா ஆட்டோவுக்குப் போன் பண்ணப் போனாங்க, நான்தான் வேணாம்னேன், அது கைவிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க கார்லயே போவோம்னேன். கவரை உருவிப் போட்டுட்டுச் சாவியை எடுத்தாங்க. சீட்டு தரையில உட்கார்ந்த மாதிரி இருக்கு, காத்து முக்காட்டைப் பிச்சுக்கிட்டுப் போகுது, ஆனா உள்ளதைச் சொல்லணும்ல, நல்லாத்தான் இருந்துச்சு. நத்தம் ரோட்டுல சரியா பத்தாவது கிலோமீட்டர்ல இருமி இருமி நின்னுடுச்சு. உச்சி வெயில்.

அத்தா இறங்கி முதல் வேலையா பின்னாடி போய் பெட்ரோல் மூடியைத் திறந்தாங்க. பெட்ரோல் அளவு காட்டுற முள்ளு வேலை செய்யாததால குச்சியை விட்டுத்தான் எம்புட்டு இருக்குன்னு பார்ப்பாங்களாம். மூடி திறந்ததும் உஸ்ஸுன்னு காத்தை உள்ள இழுத்துச்சு பாரு, எனக்கு அந்தச் சத்தம் தெரிஞ்ச சத்தமா பட்டுச்சு. கல்யாணச் சமையல் ஆர்டருக்கு எத்தனை எண்ணெய் டின் உடைச்சிருப்பேன், ஒரு ஓட்டை மட்டும் போட்டா எண்ணெய் விட்டு விட்டு விழுந்து முரண்டு பிடிக்கும், எதிர்ப்பக்கம் காத்துக்கு ஒரு ஓட்டை போட்டாத்தான் ஒழுங்கா வரும். ஏங்க, இந்த டேங்க்குல காத்து போக வழி இருக்கான்னு கேட்டேன். அத்தா குச்சியும் கையுமா அப்படியே நின்னாங்க. ஒவ்வொரு தடவையும் நின்னதும் மூடியைத் திறந்துதானே பார்த்தோம் கமரு, அப்புறம்தானே ஓடுச்சு, நாங்க ஜெரோம் மாத்துன சாமானாலதான் ஓடுதுன்னுல்ல நினைச்சோம்னாங்க. மூடியைப் போட்டுட்டுச் சாவியைத் திருப்பினா உடனே பிடிச்சுக்கிச்சு. நடுவுல ஒரு தடவை நிறுத்தி மூடியைத் திறந்து மூடி, வளையல் அடுக்குறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டோம். கீர்த்தனா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்கே வந்து காரைப் பார்த்தா. உன்னைத்தான் ரொம்ப விசாரிச்சா, ஒரு போன் போடு அவளுக்கு.

மறுநாள் ஜெரோம் டேங்க்குல காத்து போற சின்னக் குழாயைக் கழட்டி சைக்கிள் கம்பியால குத்தினாரு. உள்ள இருந்து மண்ணு மண்ணா உதிர்ந்துச்சு. ஷெட்டுல கிடந்த காலத்துல குளவி கூடு கட்டி அடைச்சிருக்கு. அதை எடுத்துட்டு, இனிமே பூச்சி போகாம நுனியில சன்னமா வலை வச்சுட்டாரு. இத்தனை நாளா நான் முன்னாடி எஞ்சின்லயே தேடிட்டேன், தப்பு பின்னாடி டேங்க்குல இருந்திருக்கு அம்மான்னு என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போனாரு, நல்ல மனுசன்.

ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்க்காரர் வந்தாரு. அத்தா அவருக்குப் பிரியாணி போட்டு, மன்னிச்சுக்கங்க, மனசு மாறிடுச்சுன்னு அனுப்பி வச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலமே முப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்குற குஜிலியம்பாறை வரைக்கும் போனோம். நடுவுல டீ குடிக்கலாம்னேன், நிறுத்தவே மாட்டேன்னுட்டாங்க, அதுவா நிக்குதான்னு பார்க்கணுமாம். நிக்கல. அங்க எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. வறுத்த கடலை வாங்கி வண்டியிலயே உட்கார்ந்து தின்னோம், கல்யாணமான புதுசுல கூட அத்தா என்கூட இம்புட்டு பேசினதில்ல.

இன்னொண்ணு, நான் கார் லைசென்ஸுக்கு எல்.எல்.ஆர். போட்டிருக்கேன். நேத்து காலையில சாணார்பட்டி பக்கம் ஆளில்லாத ரோட்டுல நான்தான் ஓட்டினேன், அத்தா பக்கத்துல உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே பிஸ்மி சொல்லிக்கிட்டு வந்தாங்க. நாலாவது கியர் போட்டேன்டி.

பக்கத்து வீட்டு இருதயநாதன் சார் மகளைப் பார்க்க டொரண்டோ வாராரு, அவர் கையிலதான் இதையும் மல்லிப் பொடியும் ஊறுகாயும் கொடுத்து விடுறேன். ஊறுகாயை வந்த அன்னைக்கே கண்ணாடி பாட்டில்ல மாத்திடு. மாப்பிள்ளைக்கு எங்க சலாம் சொல்லு. ரெண்டு பேரும் நீண்ட ஆயுசோட, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மனசு விட்டுப் பேசிக்கிட்டு இருக்கணும். லீவு போட்டுட்டு வா, ஏர்போர்ட்டுக்கு நானே கார் ஓட்டிக்கிட்டு வாரேன்.

உன் நலத்துக்கு என்னைக்கும் துஆ செய்யும்
அம்மா கமர்ஜஹான்