மூன்று பேச்சாளர்களும் ஒரு நீல ரிப்பனும்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, உன் அத்தை, மிதித்தால் கீச்சென்று கத்துகிற அந்தத் தையல் மெஷின் வரை எல்லோரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பித்தான் ஆக வேண்டும், அங்கே வந்து தட்டைப் பார்க்கவா முடியும். முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன், தள்ளிப்போட்டால் எழுதக் கை கூசும். போன வாரம் நீ அப்பாவோடு போனில் பேசினாயே, அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா என்று ஆரம்பித்து, அதை முழுக்க நான் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் துவைத்த நாற்காலி உறைகளைப் பிழியக்கூடப் பிழியாமல் தோளில் போட்டுக்கொண்டு, முதுகில் தண்ணீர் ஓட ஓட, கதவுக்குப் பின்னால் அசையாமல் நிற்பதற்கு வேறு என்ன பெயர் சொல்வது. உன் அப்பாவுக்குக் காது மந்தம், போனை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிதான் வைப்பார் என்று உனக்குத் தெரியாதா, ரகசியம் சொல்ல உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா. பாவம், அவர் இன்று வரை மூச்சு விடவில்லை, என்னைக் கண்டால் இஸ்திரிப் பெட்டியோடு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, என்னங்க, பையன் ஏதாவது சொன்னானா என்று தினம் ஒரு தரம் கேட்டு வைக்கிறேன், அப்போது அந்த முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே. காதில் வைக்கிற மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம், அதைப் பத்திரமாக மேஜை டிராயரில் வைத்திருக்கிறார், டிராயருக்கு நன்றாகக் காது கேட்கிறது.

உங்கள் தொழில்காரர்கள் எல்லாம் கூடுகிற பெரிய கூட்டத்தில் முதல் பேச்சு உன்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், முடியாது என்று எழுதிவிடப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாய். போன மாசம் அத்தனை பேரை என் வாயாலேயே வீட்டுக்கு அனுப்பினேன்ப்பா, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மேடை ஏறுவேன் என்றாய். அதைக் கேட்ட பிறகு முதுகில் தண்ணீர் ஓடியதுகூட எனக்குத் தெரியவில்லை தம்பி. இத்தனை வருஷமாக உன் வேலை என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது, தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு இருந்தேன். யார் கேட்டாலும் பெரிய ஆபீசில் ஆளுங்களைப் பாத்துக்கிறான் என்பேன். அவர்கள் நீ ஏதோ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று நினைத்து முட்டி வலிக்கு உன்னிடம் மருந்து கேட்டுச் சொல்லச் சொல்வார்கள், நானும் இரண்டு நாள் கழித்து, சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கச் சொன்னான் என்று உன் பேரில் சொல்லிவிடுவேன். பக்கத்து வீட்டு டிரைவருக்கு உன் வைத்தியத்தில் நல்ல குணம். ஆனால் ஆட்களைப் பார்த்துக்கொள்வது என்றால் அவர்களை அனுப்புவதும் அதில்தான் சேர்த்தி என்று நீ அழாத குறையாகச் சொன்ன அன்றுதான் எனக்கு உறைத்தது. இதையெல்லாம் போனில் பேசலாம்தான், நீ சரிம்மா சரிம்மா என்று வெட்டிவிடுவாய், கடிதத்தை வெட்ட முடியாது. பதில் சொல்ல மாசக் கடைசி வரை நாள் இருக்கிறது என்றாயே, அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் ஆபீசில் அடித்துச் சொன்னார்கள்.

இனிமேல்தான் விஷயம். நான் கேட்ட அதே வாரத்தில் எங்களுக்கு ஒரு வேலை வந்தது, பெரிய ஹாலில் ஒரு நாள் மாநாடு, அத்தனை நாற்காலிக்கும் வெள்ளை உறை, நீல ரிப்பன். வாசலில் போர்டைப் பார்த்தால் மனிதவள மாநாடு என்று எழுதியிருக்கிறது. நீர்வளம் கேட்டிருக்கிறேன், கனிமவளம் கேட்டிருக்கிறேன், அதெல்லாம் தோண்டி எடுப்பது, மனுஷனை எங்கே போய்த் தோண்டுவார்கள் என்று நின்று யோசித்தேன். அந்த ஹாலில் ஒரு பெண் எந்நேரமும் வாக்கி டாக்கியைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும், அதற்கு வாக்கி டாக்கி என்றே பேர் வைத்திருக்கிறோம், அதைப் பிடித்துக் கேட்டேன். ஆளை வேலைக்கு எடுக்கிறவங்க, சம்பளம் போடறவங்க, அனுப்பறவங்க, அவங்க மாநாடும்மா, இன்னிக்கு மூணு பெரிய பேச்சாளருங்க வர்றாங்க என்றது. அட, இது நம்ம பையன் கூட்டமல்லவா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் வழக்கமாகக் கூட்டம் வருவதற்கு முன்னால் உறை மாட்டி, ரிப்பனை ஊக்கால் குத்தி, முதுகில் பூ முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விடுவோம், எல்லாம் முடிந்த பிறகு வந்து உருவி மூட்டை கட்டுவோம், நடுவில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்ததே கிடையாது. இந்தத் தரம் கால் வலிக்கிறது என்று கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கால் வலின்னா வீட்டுக்குப் போய்ப் படுங்க அண்ணி, ஏசியில உக்காந்தா கால் வலி போகுதுன்னு உங்க டாக்டர் பையன் சொன்னானா என்று கேட்டுவிட்டு உன் அத்தையும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவளுக்குப் பல் பிடுங்கி ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது, அப்படியும் பேச்சு குறையவில்லை.

பின்னால் உட்கார்ந்தால் யார் முகமும் தெரியாது, முதுகுதான் தெரியும், அதைவிட நன்றாக உறை தெரியும். எனக்கு அது போதும். ஆட்கள் ஆர்வமாகக் கேட்டால் உறை வைத்தது வைத்தபடி இருக்கும், சலிப்பு வந்தால் நெளிவார்கள், நெளிந்தால் உறை இழுபடும், ரிப்பன் பூ ஒரு பக்கமாகச் சாயும். முதலில் வந்தவர் பளபளவென்று ஒரு கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார், நடக்கச் சம்பளம் வாங்குகிற மாதிரி. நடுநடுவே எல்லாரும் எழுந்திரிங்க, பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிங்க, நீதான் என் பலம்னு சொல்லுங்க என்றார். ஹால் முழுக்க எழுந்தது, உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது. உன் அத்தை என் கையைப் பிடித்து, நீங்கதான் என் பலம் அண்ணி, மூட்டையை நீங்களே தூக்குங்க என்றாள். அவர் முடிக்கிறதுக்குள் பாதி உறை நாற்காலியை விட்டு இறங்கிவிட்டது. எனக்கு ஒன்று மட்டும் தெரிய ஆசையாக இருந்தது, அந்த மனுஷன் வீட்டிலும் இப்படித்தான் நடப்பாரா, அவர் பெண்டாட்டி அவரை ஓர் இடத்தில் நிற்க வைத்துச் சாப்பாடு போடுவது எப்படி. இரண்டாவது ஆள் அதற்கு நேர்மாறு, திரையில் வட்டமும் அம்புக்குறியுமாகப் படம் போட்டு, விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டார். உள்ளே வருகிற ஆள் இந்த வட்டத்தில் நுழைவானாம், இந்த அம்பு வழியாகப் போவானாம், கடைசியில் ஒரு சிவப்பு அம்பு வெளியே போனது. அந்தச் சிவப்பு அம்பைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை, அடுத்த படம் வந்துவிட்டது. நாலு வரிசைக்கு முன்னால் ஒருவர் குறட்டை விட்டார், நல்ல சத்தமான குறட்டை, உடம்பு அசையாத குறட்டை, அவருடைய உறை மட்டும் புதுசு மாதிரி இருந்தது.

மூன்றாவது பேச்சாளர் ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும். விளக்கை அணைக்கிறதுக்கு முன்னாலேயே முன்வரிசையில் ஓரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நீல நிறத்தில் நீளமான கோட்டு, இடுப்பில் கோட்டோடு சேர்த்துத் தைத்த பட்டி, அதைக் கட்டாமல் இரண்டு பக்கமும் தொங்க விட்டிருந்தாள். நம்ம ரிப்பன் துணியிலேயே வெட்டித் தைச்ச மாதிரி இருக்கு பாரு என்று உன் அத்தையிடம் சொன்னேன். அம்புக்குறிப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த இருட்டில் வாக்கி டாக்கி ஓடி வந்து, அம்மா, முன்னால ஓரத்து நாற்காலியில ரிப்பன் அவுந்து தொங்குது, விளக்குப் போட்டதும் போட்டோ எடுப்பாங்க என்றது. குனிந்தபடியே, திருட வந்தவள் மாதிரி போய், கைக்கு அகப்பட்ட இரண்டு முனையையும் இறுக்கிப் பூ முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன், எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை, கண் எதற்கு. அப்படிக் குனிந்திருந்தபோதுதான் பார்த்தேன், அந்தப் பெண்ணின் பாதம் மேடைப் பக்கம் இல்லை, வாசல் பக்கம் திரும்பியிருந்தது. பயந்தால் இப்படித்தான் வாசலைப் பார்த்துத் திரும்பும் உன் கால்தான் ஞாபகம் வந்தது. நான் பின்னால் வந்து உட்கார்ந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தாள், சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். ஐயோ ஓடப் பார்க்கிறாளே என்று நான் நினைப்பதற்குள் இன்னொரு தரம் எழுந்தாள், மறுபடியும் பொத்தென்று உட்கார்ந்தாள். அதற்குள் விளக்குப் போட்டு அவள் பேரைச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் தரம் எழுந்த வேகத்தில் நாற்காலியே ஒரு சாண் நகர்ந்தது, நேராக மேடைக்குப் போய்விட்டாள்.

அங்கே போய் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். பிறகு, தான் ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பிய நாளைச் சொன்னாள். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஆளாம், அப்பா வயசு. சின்ன அறை, இரண்டு நாற்காலி, நடுவில் மேஜை, அழுதால் குடிக்க ஒரு தம்ளர் தண்ணீர். ஆபீசில் எழுதிக் கொடுத்ததை இவள் படித்தாளாம். அந்த மனுஷன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தனக்கு வைத்த தண்ணீரை இவள் பக்கம் நகர்த்தி, நீங்க குடிங்கம்மா, வெளியில இன்னும் ஆளுங்க உக்காந்திருக்காங்க, உங்களுக்குத் தொண்டை வேணும் என்றாராம். இதைச் சொல்லும்போது மேடையிலும் ஒரு தம்ளரில் தண்ணீர் இருந்தது, அவள் அதைத் தொடவே இல்லை. வலிக்காம இந்த வேலையைச் செய்யறது எப்படின்னு பேசத்தான் என்னைக் கூப்பிட்டாங்க, எனக்கு அது தெரியாது, வலிக்காத ஆளுங்க கையில இந்த வேலையைக் குடுக்காதீங்கன்னு மட்டும் சொல்லத் தெரியும் என்றாள். இங்க வர்றதுக்கு எனக்குத் தைரியமே இல்லை, இப்பக்கூட ரெண்டு தடவை எழுந்து ஓடப் பாத்தேன், ஏதோ ஒண்ணு என்னை இழுத்துப் பிடிச்சு உக்கார வெச்சுது, அது என்னன்னு எனக்கே தெரியலை என்றாள். ஹாலில் ஒரே கைதட்டல். அதற்கு முன்னால் அவள் பேசின நேரம் முழுக்க ஓர் உறை அசையவில்லை தம்பி, ஒரு பூ சாயவில்லை. உன் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், என்னடி என்றால், ஏசிக் காத்து அண்ணி, பல்லுல பட்டு கண்ணுல வருது என்கிறாள்.

உன்னைப் போய்ப் பேசு என்று நான் சொல்ல மாட்டேன், நாலாங்கிளாஸோடு நின்றவள் நான், உன் மேடைக்கு நான் யார். ஆனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஏறுவது என்று கேட்டாயே, அன்றைக்கு அவர்களிடம் சொல்லும்போது வைத்திருந்தாயே, அந்த மூஞ்சியே போதும் என்று எனக்குப் படுகிறது. நீ வரவில்லை என்றால் அந்த இடத்தை அவர்கள் காலியாகவா விடுவார்கள், நடக்கிற கோட்டுக்காரர் மாதிரி ஒருத்தரைக் கூப்பிடுவார்கள். அங்கேயும் உறை மாட்டுகிறவள் ஒருத்தி இருப்பாள், அவளை நினைத்துப் பார். எனக்கு உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. நீ அனுப்பினவர்களை உட்கார வைத்துச் சொன்னாயா, அந்த அறையில் என்ன நாற்காலி, கை வைத்ததா வைக்காததா, அவர்கள் என்ன சொன்னார்கள், உனக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா. அப்பாவிடம் சொன்ன மாதிரி எனக்கும் சொல்லலாம், நான் கதவுக்கு முன்னால் வந்தே கேட்பேன்.

வேறு விசேஷம் இல்லை. ஒரு பக்கம் தேய்ந்த உன் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல ஷூவாக ஒன்று வாங்கு, பேசினாலும் பேசாவிட்டாலும் கால் உன்னுடையதுதான். போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்களாக வாய்க்கட்டும், எடுத்த காரியம் கைகூடட்டும், மனசும் உடம்பும் திடமாக இருக்கட்டும். நான் ஒட்டுக் கேட்டதை அப்பாவிடம் சொல்லிவிடாதே, அவர் முகத்தை இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும். மாசக் கடைசியை மறக்காதே.

முத்தங்களோடு,
உன் அம்மா

ஒன்று எழுத விட்டுப்போயிற்று, விட்டது விட்டதாகவே இருக்கட்டும் என்றுதான் பார்த்தேன், ஆனால் ஒப்புக்கொண்டு ஆரம்பித்த கடிதம் ஆயிற்றே. கூட்டம் கலைந்து உறைகளை உருவும்போது அந்த ஓரத்து நாற்காலியில் ரிப்பனைக் காணோம், அதைக் குத்தியிருந்த ஊக்கு வளைந்து கிடந்தது. இருட்டில் நான் முடிச்சுப் போட்ட இரண்டு முனையில் ஒன்றுதான் எங்கள் ரிப்பன், மற்றது அந்தப் பெண்ணின் கோட்டுப் பட்டி. அவளை இரண்டு தரம் இழுத்துப் பிடித்து உட்கார வைத்தது அதுதான். மூன்றாம் தரம் ஊக்கு விட்டுவிட்டது, ரிப்பன் அவளோடு மேடைக்குப் போய், பேச்சு முடிகிற வரை பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நிறம் ஒன்றாக இருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் வாசலுக்கு ஓடுவதற்குள் அவள் காரில் ஏறிவிட்டாள், கதவைச் சாத்தும்போது ரிப்பனின் நுனி வெளியே மாட்டிக்கொண்டது, கார் போய்விட்டது. உன் அத்தை இன்னும் மூட்டைக்குள் தேடிக்கொண்டிருக்கிறாள்.