சார்ஜன்ட் வீரையாவின் சட்டை

அனுப்புபவர்:
திருமதி ஜெயரூபி யோகலிங்கம்,
வரலாற்று ஆசிரியை,
கோயிலடி வீதி, கருங்காலிமோட்டை,
வவுனியா.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
பொலிஸ் நிலையம்,
கருங்காலிமோட்டை.

விடயம்: படைச் சீருடை வைத்திருந்ததாகத் திரு. சுதாகரன் மீதுள்ள முறைப்பாட்டில் நான் சொல்லத் தவறிய உண்மை

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மாத வீதிச் சோதனையில், நான் பயணித்த சுதாகரனின் முச்சக்கர வண்டியிலிருந்து எடுக்கப்பட்ட பழைய காக்கிச் சட்டை, பாடசாலைக் கண்காட்சிக்காக நான் கேட்டு வாங்கியது. அவரது தாயார் மீனம்மா தரத் தயங்கினார். நானே வற்புறுத்தினேன். அது இருந்த பையும் என்னுடையது.

2. சட்டை மீனம்மாவின் தந்தை வீரையாவுடையது. தேயிலைத் தோட்டத் தொழிலாளியான அவர் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படையில் சேர்ந்தவர். அப்படையில், சட்டைக் கையில் முனை கீழ்நோக்கிய V வடிவக் கோடு ஒன்று லான்ஸ் கோப்ரலையும், இரண்டு கோப்ரலையும், மூன்று சார்ஜன்டையும் குறிக்கும். அதிகாரிகளின் சின்னம் தோளில் இருக்கும். கையில் கோடு அணிந்தவர் சாதாரணப் படைவீரராகச் சேர்ந்து உயர்ந்தவர். வீரையாவுக்கு மூன்று கோடுகள். இன்றைய இராணுவச் சின்னத்தை அவை ஒத்திருப்பதால் தங்கள் உத்தியோகத்தர்கள் ஐயுற்றதில் தவறில்லை. ஆனால் கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் 1943 என்ற ஆண்டு இப்போதும் தெரியும்.

3. இவ்வளவும் எனக்கு அன்றே தெரியும். அதற்கு முதல் நாள்தான் பத்தாம் தரப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து படிப்பித்திருந்தேன். இருந்தும், சட்டை யாருடையது எனக் கேட்கப்பட்டபோது நான் வாய் திறக்கவில்லை. சுதாகரன் என்னைப் பார்த்தார். பிறகு, "எங்க தாத்தாவோடது சேர். டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். உத்தியோகத்தர் என் பக்கம் திரும்பி, "அப்படியோ?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். ஆசிரியை என மதித்து என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவரை ஏற்றிச் சென்றார்கள்.

4. மறுநாள் விடுவிக்கப்பட்டாலும் அவர் ஞாயிறுதோறும் நிலையத்தில் கையொப்பமிட்டு வருகிறார். பிள்ளைகளை அவரது வண்டியில் அனுப்பப் பெற்றோர் அஞ்சுகின்றனர். மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு மீனம்மா தேநீர் தந்து, "மனசுல வச்சுக்காதீங்க டீச்சர், பயந்தா யாருக்கும் பேச்சு வராது" என்றார். அந்தத் தேநீரை என்னால் குடித்து முடிக்க இயலவில்லை.

5. ஆகவே, என் வாக்குமூலத்தைப் பதிந்து, இனி எவ்விசாரணையாயினும் என் பெயரில் நடத்தி, சுதாகரனை இதிலிருந்து விடுவித்து, சட்டையை மீனம்மாவிடம் ஒப்படைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்த ஞாயிறு அவர் கையொப்பமிட வரும்போது நானும் உடன் வருவேன்.

இம்மனுவை முதலில் சுதாகரனிடமே வாசிக்கக் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே திருப்பித் தந்தார். அது எனக்குத் தகும்.

மேலுள்ளவை யாவும் உண்மையென உறுதிகூறும்,

(ஒப்பம்)
ஜெயரூபி யோகலிங்கம்

இடம்: கருங்காலிமோட்டை
திகதி: 2025.03.18