பதினாறாம் நம்பர் சட்டை

வாண்டு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் போடு. நான் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன்.

ஏழு மணிக்கு ஹாக்கி கிளப் செயலாளர் வருவார். அப்பா கோல்கீப்பராகப் போட்ட பதினாறாம் நம்பரை இனி யாருக்கும் தரக்கூடாது என்று பேசுகிறார்களாம். பழைய சட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டக் கேட்கிறார்கள்.

நேற்று நீ, "அப்போ நான் எதைப் போட்டுக்கிட்டு கோல்ல நிக்கிறது?" என்றாய். "முதல்ல பந்தைத் தடுடி" என்றேன். அதை வாபஸ் வாங்கவில்லை. வலது பக்கம் நீ லேட்டாகத்தான் விழுகிறாய்.

அப்பாவுக்கு இந்த மரியாதை தகுமா? கல்லூரியைப் பாதியில் விட்ட என் மண்டைக்கு எட்டவில்லை. எத்தனையோ பந்தைத் தடுத்தார். இறுதிப் போட்டியில் ஒன்றைக் காலிடுக்கில் விட்டார். அவரையே கேட்டேன். "விட்டதுதான்டா ஞாபகம் இருக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். தகும் என்றால் உன் நம்பர் போகிறது. தகாது என்று நான் எந்த வாயால் சொல்வது?

சட்டையைத் துவைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.

அண்ணன்

இன்னொன்று: செயலாளர் வந்தால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைத் திற. கழற்றச் சொல்ல அவருக்கு வாய் வருகிறதா, பார்ப்போம்.